துப்பாக்கி சுட்டவர்

விசில் வைத்திருப்பவனைப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்கும் வழக்கம் நம் ஊரில் இல்லை. விசிலோடு கழுத்தில் ஒரு அடையாள அட்டையும் தொங்கிவிட்டால் தீர்ந்தது. கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, ரசீது தந்தால் அதையும் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். பச்சையம்மாவும் அப்படித்தான் கொடுத்தாள்.

மாசித் திருவிழாவுக்குத் திருவொற்றியூரில் அவள் பலூன் கடை போட்டிருந்தாள். பின்னால் ஒரு படுதா, அதில் வரிசையாகக் கட்டிய பலூன்கள், முன்னால் ஒரு பெஞ்சு, அதன்மேல் ஒரு காற்றுத் துப்பாக்கி. கடை அவ்வளவுதான். வியாசர்பாடி வீட்டில் அடுப்பு எரிந்ததும், மகள் கார்குழலி கல்லூரியில் இரண்டாம் வருஷம் வரை வந்ததும் அந்தத் துப்பாக்கியால்தான். அன்று சாயங்காலம் காக்கியும் இல்லாத பச்சையும் இல்லாத ஒரு நிறத்தில் சட்டை போட்ட எட்டுப் பேர் விசில் ஊதிக்கொண்டு வந்தார்கள். பக்கத்துப் பலூன் கடைக்காரர்கள் இரண்டு பேரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். பச்சையம்மாவுக்கு முட்டி வலி.

“பயிற்சி பெறாத கரங்களில் ஆயுதம்,” என்றார் எட்டுப் பேருக்கும் முன்னால் நின்றவர். “பாதுகாப்புக் காவலில் எடுத்துக்கொள்கிறோம்.”

“இது பலூன் சுடற துப்பாக்கி சார். இதுல பலூன் தவுர வேற எதுவும் சாவாது.”

“பலூனுக்கும் உயிர் உண்டு என்று நினைப்பதுதான் அம்மா, பாதுகாப்பின் முதல் படி.”

ரசீதில் ‘வடகரை இளைஞர் துப்பாக்கிப் பாதுகாப்பு மற்றும் சுடுதல் பயிற்சிக் கழகம்’ என்று அச்சாகியிருந்தது. கீழே பொடி எழுத்தில், கழகத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் பெற்றவரோ அவர் குடும்பத்தாரோ மட்டுமே பொருளைத் திரும்பப் பெறலாம் என்று இருந்தது. தெருவில் இறங்கி யாருடைய எதையும் எடுக்க அந்தக் கழகத்துக்கு அதிகாரம் கிடையாது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. போலீசுக்குப் போயிருக்கலாம். ஆனால் பலூன் துப்பாக்கியைக் காணோம் என்று போய் நின்றால், பலூன் என்கிற சொல்லை விட்டுவிட்டுத் துப்பாக்கி என்கிற சொல்லை மட்டும் காதில் வாங்குவார்கள் என்று பச்சையம்மா பயந்தாள். அவள் பயந்ததில் தப்பில்லை.

“நான் போய் அந்த சர்டிபிகேட்ட வாங்கியாறேன்மா,” என்றாள் குழலி. “சுடறதுதானே. எனக்குத் தெரியாததா?”

பாவம், அங்கே சுடச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துவிட்டாள்.

கழகம் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பழைய கிடங்கில் இருந்தது. தலைவர் கேப்டன் ராமசுப்பு, அன்று பச்சையம்மா கடையில் எட்டுப் பேருக்கும் முன்னால் நின்ற அதே ஆள். கேப்டன் என்றதும் ராணுவம் என்று நினைக்க வேண்டாம். கப்பலும் இல்லை. தெற்கே அவர் படித்த பள்ளிக்கூடத்தில் கைப்பந்துக் குழுவின் தலைவனுக்கு ஒருநாள் வயிற்றுப்போக்கு கண்டதால், ஒரு மாலை மட்டும் இவர் தலைமை தாங்கினார். அந்த மாலை ஆட்டம் தோற்றது, பட்டம் தங்கிவிட்டது. வண்ணாரப்பேட்டையில் எவர்சில்வர் மொத்த வியாபாரம். கடைக்கு வண்டி ஓட்டும் ஆன்றோதான் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர். ஆன்றோ வாழ்நாளில் சுட்டது அப்பளம் ஒன்றுதான், அதையும் கருக்கிவிட்டதாக அவனே சொல்வான்.

முதல் நாள் இருபத்திரண்டு இளைஞர்களுக்கும் ஆளுக்கு ஒரு துடைப்பக்கட்டை கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருந்தது. குழலியுடையது பதினேழு. மூன்று மாதம் கட்டைப் பயிற்சி. கட்டையைத் தரையில் வைப்பது, எடுப்பது, வைத்துவிட்டு விலகி நிற்பது, விலகி நின்றபடி அதை மதிப்பது. அர்ஜுன் என்ற பையன் கொட்டாவி விட்டுக்கொண்டே கட்டையை டீக்கடைக்காரர் பக்கம் நீட்டிவிட்டான். உடனே விசாரணைக் குழு கூடியது. டீக்கடைக்காரரைச் சாட்சியாகக் கூப்பிட்டு, உங்களுக்கு எந்த இடத்தில் காயம் என்று கேட்டார்கள். காயமில்லை என்றார் அவர். அதிர்ஷ்டத்தால் தப்பினார் என்று எழுதிக்கொண்டு, அர்ஜுனை மூன்று வாரம் நீக்கினார்கள். நீக்கப்பட்ட காலத்தில் அவன் வீட்டுத் துடைப்பத்தையும் தொடக் கூடாது என்று நிபந்தனை. அவன் அம்மாவுக்குத்தான் அதில் பெரிய வருத்தம்.

நான்கு விதிகளைச் சுவரில் எழுதியிருந்தார்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு உள்ளதாகவே கருது. சுட நினைக்காத எதன்மீதும் அதன் வாயைத் திருப்பாதே. குறி பார்த்து முடிக்கும்வரை விசையில் விரல் வைக்காதே. குறியையும் குறிக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். நல்ல விதிகள். குழலி அவற்றை மனசார மதித்தாள். சின்ன வயதிலிருந்து அம்மா அதையேதான் வேறு வார்த்தைகளில், தலையில் குட்டு வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

நான்காம் மாதம் அர்ஜுன் எழுந்து, எப்போது சுடுவோம் என்று கேட்டான். கேப்டன் புன்னகைத்தார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போலப் பேச ஆரம்பித்தார்.

“முதல் விதி என்ன? துப்பாக்கியைக் குண்டு உள்ளதாகவே கருத வேண்டும். கருதினாலே உள்ளதாகிவிட்ட பிறகு குண்டு எதற்கு? ஆகவே இக்கழகம் ஒன்பது ஆண்டுகளாகக் குண்டு வாங்கவில்லை. குண்டு வாங்காததால் சுடவில்லை. சுடாததால் விபத்தில்லை. ஒன்பது ஆண்டுகளில் ஒரு கீறல் உண்டா? இந்தியாவிலேயே மிகப் பாதுகாப்பான துப்பாக்கிப் பயிற்சி நிலையம் இதுதான். இதை யாராவது மறுக்க முடியுமா?”

ஆன்றோ கைதட்டினான். அவன் வேலையில் அதுவும் சேர்த்தி.

ஐந்தாம் மாதம் அவர்களைக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் அழைத்துப் போனார்கள். உள்ளே வெல்வெட் துணிமேல் பளபளவென்று ஒரு துப்பாக்கி. ‘ஜெர்மனியிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒலிம்பிக் தரத் துப்பாக்கி. தொடாதீர். மூச்சு விடாதீர்.’ எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு சல்யூட் அடித்தார்கள். குழலியும் அடித்தாள். அடித்த கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். ஆனாலும் கட்டையில் கொசுவர்த்திச் சுருள் சுட்ட அரைவட்டத் தழும்பு அப்படியே தெரிந்தது. அது அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது வைத்த சூடு. குழாய் நுனியில் குறி பார்க்கும் முள், இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அது அம்மாவின் கைவேலை. பலூன் கடைக்காரர்கள் வெளியே சொல்லாத தொழில் வழக்கம் அது. முள்ளை இந்தப் பக்கம் சாய்த்தால் குண்டு அந்தப் பக்கம் போகும். பலூனைச் சரியாகக் குறி பார்க்கிறவன் தவறவிடுவான், தவறவிட்ட ரோசத்தில் இன்னொரு தடவை சுடுவான். பச்சையம்மா துப்பாக்கியில் பத்தடிக்கு மூன்று விரல் வலப்பக்கம் போகும்.

“சார், இது எங்கம்மா துப்பாக்கி மாறியே கீது,” என்றாள்.

கேப்டன் அவளை மேலும் கீழும் பார்த்தார். “உன் அம்மாவுக்கு ஊர் ஜெர்மனியா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆன்றோ மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்தான்.

சரி, சான்றிதழை வாங்கிக் காட்டிவிட்டுக் கேட்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வாய்மொழித் தேர்வு வந்தது. கேப்டனுக்குச் சென்னைத் தமிழ் ஆகாது. நாற்பது வருஷமாக இந்த ஊர்க் காற்றில் வியாபாரம் செய்தும், இந்த ஊர் வார்த்தை ஒன்றுகூடத் தன் காதுக்குள் போனதில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

“துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?”

“உள்ள குண்டு கீதா இல்லியான்னு பாக்கணும் சார்.”

“கீதா யார்?”

“யாரும் இல்ல சார். குண்டு கீதான்னு...”

“இக்கழகத்தில் கீதா என்று ஒருவரும் இல்லை. தோல்வி.”

இரண்டாம் தடவை, ‘அப்பால விரல எடுக்கணும்’ என்றாள். விடையில் தகப்பனாரை இழுத்ததாகத் தோல்வி. மூன்றாம் தடவை வாயைத் திறக்கவே இல்லை, எல்லாவற்றையும் கட்டையால் செய்து காட்டினாள். ‘மௌனம் பாதுகாப்புக்கு எதிரானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது பச்சையம்மா இரண்டு கையையும் வெந்நீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கி போனதிலிருந்து காசிமேட்டில் இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஐஸில் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

“இன்னாச்சு?”

“ஃபெயிலு. நான் பேசறது தமில் இல்லியாம்.”

“வுட்ரு குழலி. ஏழுமாசமா அந்தக் கட்டைய வச்சிகினு பேஜாரா கீது. காலேஜப் பாரு நீ. துப்பாக்கி போனா போவுது.”

அம்மா அதைச் சொல்லும்போது விரலைப் பிரிக்க முடியாமல் முகத்தைச் சுளித்தாள். அதைப் பார்த்துக் குழலிக்கு அழுகை வரவில்லை. வந்தது ஆத்திரம். துப்பாக்கி திரும்பி வந்தால் மட்டும் போதாது, அந்த ஆள் நாலு பேர் முன்னால் நிற்க வேண்டும், அசிங்கப்பட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தாள். அதற்குப் பிறகு அவள் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டாள்.

நல்ல நேரம், கழகத்தின் பத்தாம் ஆண்டு விழா வந்தது. சங்கங்களுக்கு அங்கீகாரம் தரும் அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறது, நேரில் சுட்டுக் காட்டினால்தான் அங்கீகாரம் என்று கடிதம். கேப்டன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். குழலி கை உயர்த்தினாள்.

“முதல் துப்பாக்கியைத் தாங்கள்தான் சுட வேண்டும், ஐயா. குண்டுகளுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.” பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக உச்சரித்தாள்.

கேப்டன் பூரித்துப் போனார். “பார்த்தாயா ஆன்றோ, எட்டு மாதத்தில் தமிழ் வந்துவிட்டது. பிளெக்ஸ் வாசகத்தையும் நீயே எழுது, அம்மா. என் படம் பெரிதாக இருக்கட்டும். பத்திரிகைக்காரர்கள் எடுக்கும் போட்டோவில் குறியட்டையும் என் முகமும் சேர்ந்து விழ வேண்டும். ஆகவே அட்டையை பிளெக்ஸ் மேலேயே, முகத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.”

“இடப்பக்கம் மாட்டட்டுமா, ஐயா?”

“எந்தப் பக்கமானால் என்ன? நடுவில் குண்டு விழும்.”

பத்தடிக்கு மூன்று விரல் என்றால், கழகத்தில் கோடு போட்டிருக்கும் முப்பத்து மூன்று அடிக்கு ஒரு சாண் வரும். குழலி கேப்டன் படத்தின் மூக்கிலிருந்து தன் கையால் ஒரு சாண் அளந்து, இடப்பக்கம் அட்டையை மாட்டினாள். பிளெக்ஸுக்குப் பின்னால் மணல் மூட்டையை அடுக்கினாள். அதற்குப் பின்னால் யாரும் போக முடியாதபடி கயிறு கட்டினாள். நான்காம் விதியை அந்தக் கழகத்தில் ஒருவர் கடைப்பிடித்தது அதுதான் முதல் தடவை.

பிளெக்ஸ் வாசகத்தைக் கேப்டனே திருத்தினார். ‘பத்தாம் ஆண்டு விழாவில் முதல் துப்பாக்கி சுட்டவர்: கேப்டன் ராமசுப்பு.’ விழா முடிந்த பிறகும் மாட்டி வைக்கலாம் என்பதால் இறந்தகாலத்திலேயே இருக்கட்டும் என்று குழலி சொன்னதை மிகவும் பாராட்டினார். நம் பக்கத்தில் சைக்கிள் சுட்டான், செல்போன் சுட்டான் என்றால் என்ன அர்த்தம் என்பது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அவர் காதுக்குள்தான் இந்த ஊர் வார்த்தை போகாதே.

விழாவன்று காலை பத்து மணிக்கு ஆய்வு அதிகாரி ஹில்டா வந்தார். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். வந்ததும் பிளெக்ஸை நிமிர்ந்து பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

கேப்டன் பாதுகாப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சு உச்சத்துக்குப் போகும்போது, கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்த துப்பாக்கியும் கூடவே போயிற்று. அதன் வாய் ஒரு தடவை மேடையைப் பார்த்தது, ஒரு தடவை பத்திரிகைக்காரர்களைப் பார்த்தது. நாற்காலிகள் காலியாகிக்கொண்டே வந்தன.

“இரண்டாவது விதி, ஐயா,” என்றாள் குழலி. “அதன் வாயைக் கீழே வையுங்கள்.”

அவர் வைத்தார். அவள் பழைய பல்பொடி டப்பாவைத் திறந்து ஒரு குண்டை எடுத்து, துப்பாக்கியை மடித்துப் போட்டுக் கொடுத்தாள். கேப்டன் ஒரு கண்ணை மூடினார். உடனே இன்னொரு கண்ணும் மூடிக்கொண்டது. ஆன்றோ காதில் ஏதோ சொன்னதும் ஒன்றைத் திறந்தார். சுட்டார்.

பிளெக்ஸில் கேப்டனுடைய மூக்கில் ஒரு ஓட்டை விழுந்தது. ஆன்றோ பழக்கதோஷத்தில் கைதட்டினான்.

“இது காற்றைச் சோதிக்க,” என்றார் கேப்டன். “கடற்காற்று.”

“அடுத்தது, ஐயா,” என்று இன்னொரு குண்டு போட்டுக் கொடுத்தாள். அது கன்னத்தில் விழுந்தது. சாலையில் கண்டெய்னர் லாரி போனதால் தரை அதிர்ந்தது என்றார். மூன்றாவது நெற்றிப்பொட்டில் விழுந்தது. எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் கண்ணில் விழுந்துவிட்டது என்றார். நான்காவது மீசையில் பட்டபோது கிடங்கில் இருந்த இளைஞர்களில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். குழலி சிரிக்கவில்லை. ஒவ்வொரு குண்டையும் இரண்டு கையாலும் எடுத்து, ஐயா ஐயா என்று கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குண்டு என்று மனசுக்குள் எண்ணினாள். பொய் சொல்வானேன், அவளுக்கு அது தித்தித்தது.

“சார், துப்பாக்கி நேராத்தான் இருக்கா?” என்று கேட்டார் ஹில்டா.

“ஜெர்மனி, மேடம். ஒலிம்பிக் தரம். முடி அளவுகூட விலகாது.”

“அப்ப நீங்கதான் விலகறீங்க. ஒன்பது வருஷமா இப்படித்தான் சொல்லிக் குடுக்கறீங்கன்னு எழுதிக்கிறேன்.”

பேனா தாளைத் தொட்டது. கேப்டனுக்குச் செந்தமிழ் கழன்று விழுந்தது.

“லேய் ஆன்றோ, துப்பாக்கிதாம்ல கோணலு. அந்த முள்ளப் பாரு, சாஞ்சில்லா கெடக்கு. நான் என்னத்தச் செய்ய?”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றார் ஹில்டா.

“இல்ல மேடம்,” என்றாள் குழலி. “கூடமும் கோணல்தான். நாங்கதான் சாச்சோம்.” அவள் தன் பாஷைக்கு வந்துவிட்டாள். “முப்பத்து மூணு அடிக்கு ஒரு சாண் வலக்கைப் பக்கம் போவும். இது எங்கம்மா பலூன் துப்பாக்கி. கட்டையில கொசுவர்த்தி சுட்ட தழும்பு கீது பாருங்க. இதான் ரசீது.”

ஹில்டா ரசீதை வாங்கிப் படித்தார். பிறகு துப்பாக்கியை அவளிடம் கொடுக்கச் சொன்னார். குழலி குண்டு இருக்கிறதா என்று முதலில் திறந்து பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை என்பதைப் பார்த்தாள். குறியட்டைக்கு இடப்பக்கம், ஒன்றுமே இல்லாத வெற்று இடத்தைக் குறி பார்த்து விரலை விசைக்குக் கொண்டுபோனாள். மூன்று குண்டு, மூன்றும் அட்டையின் நடுப்புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அந்தக் கிடங்கில் பத்து வருஷத்தில் குறியில் பட்ட குண்டுகள் அவை மட்டுமே.

கேப்டனுக்கு இரண்டே வழி இருந்தது. துப்பாக்கி கோணல் என்றால் அது பச்சையம்மாவுடையது. நேர் என்றால் அவருக்குச் சுடத் தெரியாது. அவர் மானத்தைத் தேர்ந்தெடுத்தார். “கோணல்தான். இவங்க துப்பாக்கிதான்,” என்றார், மெல்ல.

ஹில்டா கழகத்தின் பயிற்சிப் பதிவேட்டை எடுத்துத் திருப்பினார். ஒன்பது வருஷமாக வெள்ளையாக இருந்த ஏடு. முதல் வரிசையில் ‘துப்பாக்கி சுட்டவர்’ என்று அச்சடித்த கட்டம் இருந்தது. அதில் கையெழுத்துப் போடச் சொன்னார். கேப்டன் போட்டார்.

“மேல பிளெக்ஸ்லயும் இதேதான் எழுதியிருக்கு. வாசிச்சுப் பாத்துட்டுத்தான் மாட்டினீங்களா சார்?”

“நானே திருத்தியது, மேடம்,” என்றார் கேப்டன், அந்த நிலையிலும் சற்று நிமிர்ந்து. “முதல் துப்பாக்கி சுட்டவர். பிழையில்லாத தமிழ்.”

“பிழையே இல்ல,” என்றார் ஹில்டா. கிடங்கு முழுக்க வெடித்துச் சிரித்தது. டீக்கடைக்காரர் வாசலில் நின்று சிரித்தார். கேப்டன் மட்டும் ஏன் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அர்ஜுன் போய் அவர் காதில் பொறுமையாக அர்த்தம் சொன்னான். அவர் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியதைக் குழலி கடைசிவரை கண் எடுக்காமல் பார்த்தாள்.

அங்கீகாரம் அன்றைக்கே போயிற்று. பத்திரிகைக்காரர்கள் வெளியே ஓடும்போது கேப்டன் அவசரமாக ஒரு சான்றிதழை நிரப்பி, குழலியிடம் நீட்டினார். “முதல் வகுப்பு போட்டிருக்கேன். இதோட விட்டுரும்மா.”

“சர்டிபிகேட்டு வேணாம் சார். அந்த பிளெக்ஸ குடுங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பச்சையம்மா திருவொற்றியூர் கடற்கரைப் பக்கம் கடை போட்டாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது. பழைய படுதா இருந்த இடத்தில் பிளெக்ஸ் தொங்கியது. வாசகம் மேலே, நடுவில் கேப்டன், அவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பும் மஞ்சளுமாகப் பலூன்கள். பலூனில் பட்டால் பொம்மை, கேப்டன் மேல் பட்டால் இன்னொரு தடவை இலவசம். முள்ளை அவள் நிமிர்த்தவில்லை. கூட்டம் வாசகத்தைப் படித்துப் படித்துச் சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றது.

வரிசையின் கடைசியில் ஆன்றோ நின்றான். எவர்சில்வர் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்திருந்தான். முறை வந்ததும் துப்பாக்கியை வாங்கி, உள்ளே திறந்து பார்த்து, வாயைக் கீழே வைத்துக்கொண்டான். விதிகளை அவனாவது படித்திருந்தான்.

“பத்து குண்டு குடு,” என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்க பாத்துச் சுட்டா மூஞ்சில கரெக்டா படும்?” என்று கேட்டான்.

“இடக்கைப் பக்கத்து பலூனப் பாத்து சுடுண்ணே,” என்றாள் குழலி.